தொடக்கப் பள்ளி வகுப்பறையில் கணினி: வடசென்னை வாசகர்களின் கேள்விகளுக்கு ஓர் ஆசிரியரின் பதில்கள்

ராயபுரத்திலிருந்து ஒரு தாய்: ஐயா, என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறுகிற பிள்ளைக்குக் கணினி எதற்கு?

எழுத்தும் எண்ணும்தான் முதலில் வர வேண்டும் அம்மா. ஆனால், திணறும் பிள்ளைக்கே கணினி கூடுதலாக உதவும். நிறையப் பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஆசிரியர் எல்லோருக்கும் ஒரே வேகத்தில் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது. கணினியோ, கடன் வாங்கிக் கழித்தலில் தடுமாறும் குழந்தைக்கு எண்களை மட்டும் மாற்றி, அதே வகைக் கணக்கைச் சலிக்காமல் கொடுத்துக்கொண்டே இருக்கும். தவறாகச் செய்தாலும் வகுப்பே திரும்பிப் பார்க்காது என்பது கூச்சமுள்ள பிள்ளைக்குப் பெரிய ஆறுதல்.

தண்டையார்பேட்டையிலிருந்து ஓர் ஆசிரியை: பயன் உண்டு என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா? பிள்ளைக்கு ஒரு கணினி வேண்டுமா?

வேண்டியதில்லை. குஜராத்தின் வதோதரா நகர மாநகராட்சிப் பள்ளிகளில் நான்காம் வகுப்புக் குழந்தைகள் வாரத்திற்கு 2 மணி நேரம், ஒரு கணினிக்கு இருவராக அமர்ந்து கணக்கு விளையாட்டுகளை ஆடினார்கள். அவர்களுடைய கணக்கு மதிப்பெண்கள் தெளிவாக உயர்ந்தன. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோர் அடங்கிய குழு 2007இல் வெளியிட்ட ஆய்வு இது. பயிற்சி நின்ற ஓராண்டில் அந்தப் பலனில் பெரும்பகுதி தேய்ந்துவிட்டது என்பதையும் அவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். பெரு நாட்டிலோ பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி கொடுத்தும், கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் தென்படவில்லை என்று 2012இல் வந்த ஆய்வு கூறியது. பாடத்தோடு பொருந்திய பயிற்சி தொடர்ந்து நடக்க வேண்டும். அதற்கு வகுப்பறை மூலையில் நான்கு கணினிகள் போதும் என்பதே என் கருத்து.

வியாசர்பாடியிலிருந்து ஒரு தந்தை: எல்லாம் ஆங்கிலத்தில்தானே இருக்கும்?

இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தமிழ்நாடு அரசு 1999இல் ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் வலக்கைப் பக்கமும் இருக்கின்றன. 'க' விசையைத் தட்டி 'இ' விசையைத் தட்டினால் திரையில் 'கி' தோன்றும். உயிர்மெய் எப்படிப் பிறக்கிறது என்று கரும்பலகையில் எழுதிக்காட்டிப் புரியவைக்கும் பாடத்தைக் குழந்தை தன் விரலாலேயே செய்து பார்க்கிறது! இரண்டாம் வகுப்பிலேயே இதைத் தொடங்கலாம் என்று உறுதியாகச் சொல்வேன்.

திருவொற்றியூரிலிருந்து ஒருவர்: கண் கெடாதா?

20 நிமிடத்திற்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால் உள்ள ஒன்றை 20 விநாடி பார்க்கச் சொல்லுங்கள். ஓர் அமர்வு அரை மணியைத் தாண்ட வேண்டாம்.

காசிமேட்டிலிருந்து ஒரு பெற்றோர்: எங்கள் பள்ளிக்கு வந்த கணினிகளைப் பழுதாகிவிடும் என்று பூட்டியே வைத்திருக்கிறார்கள். என்ன செய்வது?

பூட்டி வைப்பதால்தான் சீக்கிரம் பழுதாகின்றன. கடலோர உப்புக்காற்றும் ஈரமும் இணைப்பு முனைகளை அரிக்கும். அடிக்கடி இயக்கினால் உள்ளே எழும் சூடு ஈரத்தை ஓரளவு போக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடசென்னையில் புகுந்ததை மறக்காமல், மாடி அறை இருந்தால் அங்கே வையுங்கள்; இல்லையேல் உயரமான மேசை வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோருக்கு இடம் உண்டு. அடுத்த கூட்டத்தில், எந்த வகுப்புக்கு எந்தப் பாடவேளையில் கணினி என்று கால அட்டவணையில் எழுதித் தரும்படி கேளுங்கள்.