ஏடிஎம், யூபிஐ வந்ததால் வங்கிகளுக்கு உண்மையிலேயே செலவு குறைகிறதா?

ஒரு பரிவர்த்தனைக்கு ஆகும் செலவு குறைகிறது. மொத்தச் செலவும் குறைகிறது என்று அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது.

ஏடிஎம்மையே எடுத்துக்கொள்வோம். காசாளர் இல்லை, சரி. ஆனால் அந்தச் சின்ன அறைக்கு வாடகை, ஏசி, யூபிஎஸ் பேட்டரி, கேமரா எல்லாம் உண்டு. பணம் நிரப்ப வேனில் துப்பாக்கிக் காவலரோடு ஆட்கள் வர வேண்டும். உள்ளே கிடக்கும் நோட்டுகள் வட்டி ஈட்டுவதில்லை. வேறு வங்கியின் இயந்திரத்தில் நாம் பணம் எடுத்தால், 2025 மே முதல் நம் வங்கி அந்த வங்கிக்கு 19 ரூபாய் தர வேண்டும். இலவச வரம்புக்குள் அது நம் வங்கியின் கைக்காசுதான்.

இதைவிட முக்கியம் நம் பழக்கம். வரிசையில் நின்ற காலத்தில் மாதச் செலவுக்கு மொத்தமாக எடுத்தோம்; இப்போது ஐந்நூறு ஐந்நூறாக எடுக்கிறோம். டீக்கு 12 ரூபாய் யூபிஐயில் அனுப்பினாலும் இரண்டு பேரின் வங்கி சர்வர்களும் வேலை செய்தாக வேண்டும். வங்கிக் கணக்கிலிருந்து போகும் அந்தப் பணத்துக்கு 2020 ஜனவரி முதல் கடைக்காரரிடம் கட்டணமும் வாங்க முடியாது.

அப்புறம் ஏன் வங்கிகள் இவற்றை விடுவதில்லை? ஆட்களை அதே அளவு கூட்டாமல் பல மடங்கு வாடிக்கையாளர்களைக் கையாள முடிகிறது. ஆனால் கவுண்டரை மூடி முதியவர்களை இயந்திரத்துக்கு அனுப்புவதைச் சேமிப்பு என்று நான் ஏற்க மாட்டேன். அந்தச் செலவு அவர்கள் தலையில் விழுகிறது. மிச்சமாகும் பணம் வேறு செலவாக மாறுவதும் உண்டு. அமெரிக்காவில் ஏடிஎம் பரவியபோது ஒரு கிளைக்குத் தேவையான காசாளர்கள் குறைந்தார்கள். கிளை நடத்துவது மலிவானதும், வங்கிகள் நகரங்களில் கூடுதல் கிளைகளைத் திறந்தன.