மேற்கோள் போட 800 ரூபாயா?

கேள்வி: என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். கீழடி பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினாள். "ரெஃபரன்ஸ் ஏபிஏ முறையில் இல்லை" என்று ஆசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவளிடம் இருப்பது 15 இணைய முகவரிகள்தான். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் 800 ரூபாய்க்கு மேற்கோள் (ரெஃபரன்ஸ்) எல்லாம் போட்டு பைண்டிங்கும் செய்து தருகிறார்களாம். கொடுக்கலாமா?
(திருமங்கலத்திலிருந்து ஒரு தாய்)

பைண்டிங்குக்கு மட்டும் கொடுங்கள் அம்மா. மேற்கோளுக்கு ஒரு பைசாகூட வேண்டாம்.

கல்லூரி நூலகத்தில் இருந்த காலத்தில் இந்தக் கடைகளின் கைவேலையை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை மதுரை மல்லி பற்றிய கட்டுரை வந்தது. கடைசிப் பக்கத்தைப் புரட்டினால் அத்தனையும் பஞ்சாலைத் தொழிலாளர் பற்றிய நூல்கள்! போன வருடம் யாருக்கோ அடித்த பட்டியலை அப்படியே ஒட்டிவிட்டார்கள். அந்தப் பிள்ளைக்கு அது தெரியவும் இல்லை. இப்போது கடைக்காரர் செயற்கை நுண்ணறிவிடம் கேட்கிறார். அது இல்லாத புத்தகத்துக்கு ஆசிரியர், ஆண்டு, பக்கம் எல்லாம் வைத்து அழகாகக் கொடுத்துவிடும். மாட்டுவது உங்கள் மகள்தான், கடைக்காரர் அல்ல.

ஏபிஏ என்பது அமெரிக்க உளவியல் சங்கம் வகுத்த முறை. யார் எழுதியது, எந்த ஆண்டு, தலைப்பு என்ன, யார் வெளியிட்டது என்ற வரிசைதான் அதன் சாரம். இணையக் கட்டுரையானால் தளத்தின் பெயரும் முகவரியும் கடைசியில் வரும். இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்ட பத்து நிமிடம் ஆகாது. சொல்லிக் கொடுக்காமலேயே "போட்டு வா" என்றால் பிள்ளை கடைக்குத்தானே போகும்?

எல்லாவற்றுக்கும் மேற்கோள் வேண்டாம். வைகை மதுரை வழியாக ஓடுகிறது என்பதற்கு யாரும் சான்று கேட்க மாட்டார்கள். கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த மாதிரியின் காலம் கி.மு. 580 என்று எழுதினால், அந்த வரியின் முடிவிலேயே அடைப்புக்குறிக்குள் (தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை, 2019) என்று போட வேண்டும். பக்க எண்ணும் சேர்த்தால் நல்லது. அந்த ஆண்டு வெளியான கீழடி அறிக்கையில் ஆசிரியர் இடத்தில் துறையின் பெயரைப் போட்டால் போதும். உங்கள் மகளின் 15 முகவரிகளில் பாதி இந்த ஒரே அறிக்கையைத்தான் சுற்றிச் சுற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும். நேராக அறிக்கையையே பார்த்துவிட்டால் அவற்றைத் தூக்கிவிடலாம். விக்கிபீடியாவும் அப்படித்தான்: படிக்கலாம், ஆனால் அதன் அடியில் உள்ள சான்றுகளைத் திறந்து பார்த்து, பார்த்ததை மட்டும் எழுத வேண்டும்.

இனி ஒரு விஷயம். இதை எந்த மென்பொருளும் சரியாகச் செய்யாது, அதனால் விரிவாகவே சொல்கிறேன். ஏபிஏ குடும்பப் பெயரை முன்னால் போடச் சொல்கிறது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? இருப்பது இன்ஷியல்தான். அட்டையில் "மு. கருப்பையா" என்று இருந்தால் "கருப்பையா, மு." என்று எழுதலாம், சிக்கல் இல்லை. ஆனால் "செல்வி முருகேசன்" என்று இருந்தால், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மேற்கோள் கருவி கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு "முருகேசன், செ." என்று போட்டுவிடும். புத்தகம் எழுதியது செல்வி, பெயர் வாங்குவது அவர் அப்பா! எது சொந்தப் பெயர் என்று நூலின் முன்னுரையில் பார்த்துக்கொள்ளுங்கள். தெரியவில்லையா, அட்டையில் உள்ளபடியே முழுப் பெயரையும் எழுதிவிடுங்கள். ஆசிரியர் கேட்டால் இதுதான் காரணம் என்று சொல்லலாம்.

சங்கப் பாட்டு வந்தால் பக்க எண்ணை நம்பாதீர்கள், பதிப்புக்குப் பதிப்பு அது மாறும். மதுரைக்காஞ்சி 782 அடி. மாங்குடி மருதனார் பெயர், நூற்பெயர், அடி எண் என்று கொடுத்தால் எந்தப் பதிப்பிலும் தேடி எடுக்கலாம்.

சனிக்கிழமை மகளைப் புது நத்தம் சாலையில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு அழைத்துப் போங்கள். எடுக்கிற ஒவ்வொரு நூலுக்கும் தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் போனில் படம் பிடிக்கச் சொல்லுங்கள். பதிப்பு, ஆண்டு, பதிப்பகம் மூன்றும் அங்கேதான் இருக்கும். படித்த பக்கத்தின் எண்ணை அப்போதே நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும், வீட்டுக்கு வந்தபின் ஞாபகம் வராது. பட்டியலில் 15 போய் நான்கு நின்றாலும் பரவாயில்லை. எண்ணிக்கை குறைகிறதே என்று ஆசிரியர் முகம் சுளித்தால், அந்த நான்கையும் படித்தது யார் என்று மகளிடமே கேட்டுப் பார்க்கட்டும்.