சிப்பிங் கேம்ப்டன் என்னும் ஆங்கிலேயச் சிற்றூர் பழமை மாறாமல் இருப்பது எப்படி?

இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுப் பகுதியில் உள்ள சிப்பிங் கேம்ப்டன் ஒரு சந்தை நகரம். அதாவது, வாரச் சந்தை கூட்டும் உரிமையை இடைக்காலத்தில் அரசரிடமிருந்து பெற்ற ஊர். சுற்றுப்புற ஆடுகளின் கம்பளி ஐரோப்பிய நெசவாளர்களிடம் நல்ல விலைக்குப் போனதால், கிராமத்தை விடச் சற்றே பெரிய இவ்வூரில் பெருஞ்செல்வம் குவிந்தது. 1401இல் மறைந்த வணிகர் வில்லியம் கிரெவெலின் வீடு இன்றும் கடைத்தெருவில் நிற்கிறது. தேவாலயத்தில் அவர் கல்லறைமேல் பதித்த பித்தளைத் தகடு, அவரை 'இங்கிலாந்தின் கம்பளி வணிகர்களின் மலர்' என்று இலத்தீனில் புகழ்கிறது.

பிற்காலத்தில் கம்பளி வணிகம் நலிந்தது. பெரிய ஆலைகளும் இங்கு வரவில்லை. புதுக்கட்டில் வாங்க வசதியில்லாத வீட்டில் தாத்தாவின் தேக்குக் கட்டில் தங்கிவிடுவதைப் போல, இடித்துக் கட்டப் பணமில்லாததால் தேன்நிறச் சுண்ணாம்புக்கல் வீடுகள் அப்படியே தங்கிவிட்டன. 1902இல் வடிவமைப்பாளர் சி. ஆர். ஆஷ்பி இலண்டனிலிருந்து கைவினைஞர்களை அழைத்து வந்து குடியமர்த்திய பிறகுதான் அந்தப் பழமைக்கு மதிப்புக் கூடியது என்பது என் கருத்து. நடைப்பயணிகளுக்கோ, பாத் நகரம்வரை 102 மைல் நீளும் காட்ஸ்வோல்ட் பாதை இங்கேதான் தொடங்குகிறது.

கடைத்தெருவின் நடுவே, கரடுமுரடான கல்தரையும் வளைவுகளும் கொண்ட சந்தை மண்டபத்தைக் கம்பளிச் சந்தை என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது வெண்ணெய், பாலாடைக்கட்டி, கோழி விற்பவர்களுக்காக 1627இல் செல்வந்த வணிகர் சர் பாப்டிஸ்ட் ஹிக்ஸ் கட்டித்தந்தது.