எக்ஸாமினர் எதிரே உட்காரும் முன்

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் தமிழ்வழியில் படித்தவன் நான். அமெரிக்காவில் விமானம் ஓட்டப் படித்து பிரைவேட் பைலட் உரிமம் வாங்கிவிட்டேன். இப்போது ஊருக்கு வந்திருக்கிறேன். அடுத்த மாதம் திரும்பிப் போனதும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் டெஸ்ட், அதாவது வெளியே எதுவும் தெரியாதபோதும் கருவிகளைப் பார்த்தே ஓட்டுவதற்கான தகுதித் தேர்வு. எழுத்துத் தேர்வு முடிந்துவிட்டது. ஓட்டுவதில் பயமில்லை. எக்ஸாமினர் ஆங்கிலத்தில் கேள்வி மேல் கேள்வி கேட்பார் என்பதை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை.

பதில்: தம்பி, உங்கள் உச்சரிப்புக்கு அங்கே யாரும் மதிப்பெண் போடப் போவதில்லை. புரியாத கேள்வியைத் திரும்பக் கேளுங்கள், அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஆனால் மனப்பாடம் மட்டும் அங்கே கைகொடுக்காது.

மாற்று விமான நிலைய விதியையே, அதாவது போகிற இடத்தில் இறங்க முடியாவிட்டால் போக இன்னொரு நிலையத்தை முன்கூட்டியே குறித்துவைக்கும் விதியையே எடுத்துக்கொள்வோம். போய் இறங்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் மேகத்தளம் 2000 அடியாவது, பார்வைத் தூரம் 3 மைலாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் மாற்று நிலையம் குறிக்க வேண்டும். இதை யாரும் ஒப்பித்துவிடலாம். எக்ஸாமினர் வானிலை முன்னறிவிப்பை நீட்டி, "இரண்டு மணிக்கு இறங்குகிறாய், என்ன செய்வாய்?" என்பார். ஒன்றிலிருந்து மூன்று மணிக்குள் கொஞ்ச நேரத்துக்கு மேகம் 1500 அடிக்கு இறங்கலாம் என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியில் விரலை வைத்து, "மாற்று நிலையம் வேண்டும். அதுவரை போகவும், அதற்கு மேல் 45 நிமிடம் பறக்கவும் எரிபொருள் வேண்டும்" என்று சொல்ல வேண்டும். அவர் பார்ப்பது அந்த விரலைத்தான்.

இதற்கு ஊரிலேயே பழகலாம். நீங்கள் பயிற்சி எடுக்கும் விமான நிலையத்தின் அப்ரோச் சார்ட்டுகள், அதாவது கருவிகளைப் பார்த்து இறங்க வழிகாட்டும் வரைபடங்கள், அமெரிக்க விமானத்துறை அமைப்பான எஃப்ஏஏவின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். அச்செடுத்து, சாயங்காலம் அக்காவையோ மதினியையோ எதிரே உட்காரவைத்து, முதலில் நம்ம ஊர்த் தமிழில் விளக்குங்கள். விமானம் தெரியாதவர்கள் "ஏன்?" என்று கேட்பார்கள். அங்கே தடுமாறினால் அந்த இடம் உங்களுக்கு இன்னும் புரியவில்லை. அது சரியான அப்புறம் ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள், வாய் தானாக வரும்.

ஓட்டுவதில் பயமில்லை என்கிறீர்களே, எனக்குக் கவலை அங்கேதான். வெளியே தெரியாதபடி கண்ணாடி மாட்டி, கருவிகளில் சிலவற்றையும் மறைத்துவிடுவார்கள். பொருட்காட்சி ராட்டினம் நின்ற பிறகும் சுற்றுவது போலவே இருக்குமே, அதுபோல விமானம் நேராகப் போகும்போதும் திரும்புகிறது என்று உடம்பு சாதிக்கும். நம்பாதீர்கள், மீதமுள்ள கருவிகளை நம்புங்கள். உயரத்தில் 100 அடி, திசையில் 10 டிகிரி, வேகத்தில் 10 நாட், சாதாரணமாக விலக இவ்வளவுதான் இடம். பாதிக் கருவிகளோடு இறங்கும் பயிற்சியைப் போன உடனே இன்ஸ்ட்ரக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.

டெஸ்ட் அன்று வானிலை மோசமென்றால் "இன்று வேண்டாம்" என்று சொல்லுங்கள், அது தோல்வி ஆகாது. ஒரு பகுதியில் தவறினாலும், கூடுதல் பயிற்சி முடித்து 60 நாளுக்குள் வந்தால், தேறிய பகுதிகளை மறுபடி கேட்காமல் விடலாம். லாக்புக்கில் இன்ஸ்ட்ரக்டர் கையெழுத்துகள் எல்லாம் இருக்கின்றனவா என்று கிளம்பும் முன் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.