இடது பக்கம் மட்டும் சுழலும் வண்டி

அன்புள்ள அண்ணா,

காவேரிப்பட்டணத்திலிருந்து எழுதுகிறேன். ரிமோட்டில் ஓட்டும் ஆர்சி கார் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் போன வருடம் செகண்ட்ஹேண்டில் ஒரு டாமியா டிடி-02 வாங்கினேன். நாங்கள் ஆறு பேர். ஞாயிறு காலையில் ஒரு கல்யாண மண்டபத்தின் கார் நிறுத்தும் இடத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டு 5 நிமிடப் பந்தயம் வைத்துக்கொள்கிறோம். என் வண்டி வலது பக்கம் சுழலாமல் திரும்புகிறது, கொஞ்சம் சோம்பலாகத்தான். இடது பக்கம் ஒடித்தால் பின்பக்கம் வீசிச் சுழன்றுவிடுகிறது. ஸ்பிரிங் இரண்டு செட் மாற்றினேன். ஷாக் ஆயிலை 300-லிருந்து இன்னும் கெட்டியான 500 ஆக்கினேன். சக்கரங்களைச் சேஸோடு இணைக்கும் கைகளை அலுமினியத்தில் போட்டேன். ஏழாயிரம் ரூபாய்க்கு மேல் போய்விட்டது, வீட்டில் இன்னும் சொல்லவில்லை. எந்த ஸ்பிரிங், எந்த ஆயில் போடட்டும்? எந்த வண்டிக்கு என்ன அளவு என்று எழுதிய நல்ல செட்டப் ஷீட் ஒன்று இருந்தால் அனுப்புங்கள். மோட்டார் தண்டில் இருக்கும் பினியன் பல்சக்கரத்தை 22 பல்லிலிருந்து 25 ஆக்கலாமா என்றும் சொல்லுங்கள். பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

செட்டப் ஷீட் அனுப்பப் போவதில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், காரணம் சொல்கிறேன்.

வலது பக்கம் சோம்பல், இடது பக்கம் சுழல்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் எனக்கு வேண்டியது அந்த ஒரு விஷயம்தான். ஸ்பிரிங்கையும் ஆயிலையும் இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தானே மாற்றினீர்கள்? அப்படிப் போட்டது ஒரு பக்கம் மட்டும் தப்பு செய்யாது. வண்டியே இரண்டு பக்கமும் ஒன்றாக இல்லை. அதைச் சரி செய்யாமல் உலகத்திலேயே நல்ல ஸ்பிரிங்கைப் போட்டாலும் இடது பக்கம் சுழலத்தான் செய்யும்.

அதற்கும் முன்னால் தரையைச் சந்தேகப்படுங்கள். மண்டபத்து சிமெண்ட் தரை தண்ணீர் ஓடுவதற்காக ஒரு பக்கம் சரிவாகத்தான் போட்டிருப்பார்கள். நம் ஊரில் கல்தூளுக்கும் குறைவில்லை. லாரி போகும் சாலையை ஒட்டிய மூலையில் மாவு மாதிரி படிந்திருக்கும். வருகிற ஞாயிறு ஒரு சுற்று மட்டும் எல்லோரும் எதிர்த்திசையில் ஓட்டுங்கள். அப்போது அதே மூலையில் வண்டி வலது பக்கம் சுழன்றால் குறை தரையில். துடைப்பத்தை எடுங்கள், ஆயிலை விடுங்கள். எந்தத் திசையில் போனாலும் இடது திருப்பத்தில்தான் சுழல்கிறது என்றால் வண்டிக்கு வருவோம்.

அப்புறம் டயர். இடது சக்கரங்களைக் கழற்றி வலது பக்கம் மாட்டுங்கள், வலதை இடது பக்கம். வியாதியும் கூடவே பக்கம் மாறினால் டயர்தான் காரணம். ரிம்மை விட்டுப் பசை பிரிந்திருக்கிறதா என்று கட்டை விரலால் டயரின் ஓரத்தைச் சுற்றிலும் இழுத்துப் பாருங்கள். நிற்கும்போது தெரியாது, திருப்பத்தில் மட்டும் வாயைத் திறக்கும்.

மூன்றாவது, வட்டம். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி, ஆள் நடக்கிற வேகத்தில் வண்டியை வட்டமாக ஓட்டுங்கள். சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். மறுபக்கமும் அதே மாதிரி. இடது வட்டம் சின்னதாக இருந்தால் அந்தப் பக்கம் ஸ்டியரிங் அதிகமாக ஒடிகிறது, ரிமோட்டில் எண்ட் பாயிண்ட்டை, அதாவது அந்தப் பக்கம் ஸ்டியரிங் ஒடியும் எல்லையை, குறைத்தால் போதும். இரண்டு வட்டமும் சமம், வேகத்தில் மட்டும் இடது சுழல்கிறது என்றால் அதற்குப் பெயர் ட்வீக். உங்கள் வண்டிக்கு அதுதான் என்று நினைக்கிறேன்.

டீக்கடையில் ஒரு கால் குட்டையான ஸ்டூலில் உட்கார்ந்திருப்பீர்கள். குறுக்கே எதிரெதிராக இருக்கும் இரண்டு கால்தான் பாரம் தாங்கும், மற்ற இரண்டும் பெயருக்குத் தொட்டுக்கொண்டிருக்கும். ட்வீக் உள்ள கார் அந்த ஸ்டூல்தான். ஆனால் ஸ்பிரிங் இருப்பதால் ஆடிக் காட்டாது. நான்கு சக்கரமும் தரையில் பதிந்து ஒழுங்காக நிற்பதுபோலத் தெரியும். உங்கள் வண்டியில் இடது முன் சக்கரமும் வலது பின் சக்கரமும் அதிக பாரம் தாங்குகின்றன என்பது என் கணக்கு. இடது பக்கம் திரும்பும்போது எடை வலது பக்கம் சாய்கிறது. ஏற்கனவே பாரம் சுமக்கும் வலது பின் டயர் இன்னும் அமுங்க, இடது பின் டயர் வெறுமனே உரசிக்கொண்டு வருகிறது. பாரத்தை இரண்டு டயரும் பகிர்ந்துகொண்டால் கிடைக்கும் பிடிமானம், ஒரு டயரிலேயே எல்லாப் பாரமும் ஏறினால் கிடைக்காது. பின்பக்கம் விட்டுப் போகிறது, முன்பக்கம் மட்டும் கடிக்கிறது, வண்டி சுழல்கிறது. வலது திருப்பத்தில் இதுவே தலைகீழ். நீங்கள் சொல்லும் சோம்பல் அதுதான்.

இதைப் பார்க்க ஒரு சமமான தளம் வேண்டும். கடையில் செட்டப் போர்டு என்று விற்பதை வாங்காதீர்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு அதற்குக் காசு கொடுக்கக் கூடாது. ஏதாவது ஒரு கிரானைட் பாலிஷ் பட்டறைக்குப் போய் ஒன்றரை அடிக்கு ஒரு அடி வெட்டுத்துண்டு கேளுங்கள். ஓரம் உடைந்த துண்டாக இருந்தாலும் பரவாயில்லை. உங்கள் வண்டியின் வீல்பேஸ், அதாவது முன் பின் அச்சுகளின் இடைவெளி, 257 மில்லிமீட்டர், அகலம் 190-க்குள், தாராளமாக நிற்கும். ஆறேழு கிலோ எடை இருப்பதால் மேஜையில் வைத்தால் அசையாது. ஸ்டீல் ஸ்கேலைக் கல்மேல் செங்குத்தாக நிறுத்தி, பின்னால் டியூப்லைட் வெளிச்சம் வரும்படி வைத்துப் பாருங்கள். ஸ்கேலுக்கும் கல்லுக்கும் நடுவில் வெளிச்சக் கோடு தெரியாவிட்டால் நம் வேலைக்குப் போதும். ரசமட்டம் வைத்து, மேஜைக்காலடியில் காகிதம் மடித்துக் கொடுத்து மட்டமாக்கிக்கொள்ளுங்கள்.

ஓசூரில் ஒரு டூல்ரூமில் பதினோரு வருடம் பிட்டராக இருந்தேன். அங்கும் அளவு பார்க்கும் சர்ஃபேஸ் பிளேட் கிரானைட்தான். காலையில் போனதும் முதல் வேலை அதைத் துணியால் துடைப்பது, அதன்பின் உள்ளங்கையால் ஒரு முறை தடவுவது. துணிக்குத் தப்பிய தூசி கைக்குத் தெரியும். உங்கள் கல்லையும் அப்படியே செய்யுங்கள்.

பேட்டரி மாட்டி, பாடியைக் கழற்றி, வண்டியைக் கல்மேல் வையுங்கள். முன்னும் பின்னும் நாலைந்து முறை அமுக்கி விடுங்கள், தானாக நிலைக்கு வரட்டும். சேஸின் முன்பக்க நடுமையத்தைப் பேனாவால் குறித்து, அந்த இடத்தில் மெல்லிய ஸ்க்ரூடிரைவரின் நுனியைக் கொடுத்து மெதுவாகத் தூக்குங்கள். கண்ணை டயர் மட்டத்துக்குக் கொண்டுபோங்கள். பாலிஷ் கல்லில் கண்ணாடி மாதிரி டயரின் உருவம் தெரியும். டயரும் அதன் உருவமும் பிரிகிற அந்த நொடியைத்தான் பார்க்க வேண்டும். இரண்டு முன் டயரும் ஒரே நேரத்தில் பிரிந்தால் வண்டி நேராக இருக்கிறது. ஒன்று முந்திக்கொண்டால் அந்த மூலையில் பாரம் குறைவு. உங்களுக்கு வலது முன் டயர் முந்தும் என்று எதிர்பார்க்கிறேன். பின்பக்கத்தைத் தூக்கினால் இடது பின் டயர் முந்த வேண்டும்.

உடனே ஸ்பிரிங்குக்கு மேல் ஸ்பேசர் வளையம் போட்டு அதைச் சமன் செய்யக் கை பரபரக்கும். செய்யாதீர்கள். முதலில் காரணத்தைத் தேடுங்கள். நான்கு ஷாக்கையும் கழற்றி வெர்னியரில் நீளம் பாருங்கள், இடமும் வலமும் பத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட வேறுபடக் கூடாது. ஜோடியாக நுனியோடு நுனி வைத்து அழுத்துங்கள், ஒன்று சட்டென்று உள்ளே போய் மற்றது முரண்டு பிடித்தால் உள்ளே காற்றுக்குமிழி இருக்கிறது, அல்லது தண்டு வளைந்திருக்கிறது. ஷாக் இல்லாமல் ஒவ்வொரு கையையும் தூக்கி விடுங்கள். தன் எடையிலேயே பொத்தென்று விழ வேண்டும். நடுவில் நின்றால் எங்கோ இறுக்கம். வண்டியைத் திருப்பிப் போட்டு சேஸின் அடிப்பக்கத்தையும் ஸ்கேலால் பாருங்கள்.

அலுமினியக் கை பற்றி மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் கை மோதினால் வளைந்து பழைய இடத்துக்கே திரும்பும், மிஞ்சிப்போனால் உடையும். உடைந்தது கண்ணுக்குத் தெரியும், மாற்றிவிடலாம். அலுமினியம் வளைந்தால் வளைந்தபடியே நிற்கும், அதுவும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு. மண்டபத்துத் திண்ணையில் ஒரு முறை மோதியிருந்தால்கூடப் போதும். இடது கையையும் வலது கையையும் கழற்றிக் கல்மேல் அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். சந்தேகம் இருந்தால் பழைய பிளாஸ்டிக் கைகளையே மாட்டுங்கள். கிளப் பந்தயத்துக்கு அவை போதும் என்பதல்ல, அவைதான் நல்லது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல என் அனுபவம் ஒன்று இருக்கிறது. பல வருடம் முன்பு என்னிடம் ஒரு பெல்ட் டிரைவ் வண்டி இருந்தது. ஞாயிறு விடியற்காலையில் ஓசூரிலிருந்து பெங்களூர்ப் பக்கம் போய் ஓட்டிவிட்டு வருவேன். மூன்று மாதம் அது வலது பக்கம் சுழன்றுகொண்டே இருந்தது. நானும் உங்களைப் போலத்தான், நாலு செட் ஸ்பிரிங், மூன்று ஆயில், வேறு டயர். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு எடுத்துவைத்த பணத்தில் கை வைத்தேன், அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. ஒரு ராத்திரி எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு, கையைத் தாங்கும் 3 மில்லிமீட்டர் எஃகுப் பின்களை ஒவ்வொன்றாகக் கல்மேல் விரலால் உருட்டினேன். மூன்று சத்தமே இல்லாமல் ஓடின. நாலாவது டிக், டிக், டிக் என்று தட்டிக்கொண்டே போனது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நேராகத்தான் தெரிந்தது. கல்லின்மேல்தான் அதன் வளைவு தெரிந்தது. அந்த ஒரு பின்னை மாற்றியதும் வண்டி ஒழுங்காகிவிட்டது. உங்கள் வண்டியில் கையைத் தாங்குவது பின்னோ ஸ்க்ரூவோ, எதுவானாலும் கழற்றி உருட்டிப் பாருங்கள்.

எல்லாம் நேராக இருந்தும் ஒரு டயர் முந்தினால் பேட்டரிப் பக்கம் கனமா என்று பாருங்கள். சேஸின் நடுக்கோட்டில் முன்னும் பின்னும் இரண்டு ஸ்க்ரூ முனையில் வண்டியைத் தூக்கி நிறுத்தினால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும். ஹைவே ஓரத்து டயர் கடையில் வீல் பேலன்சிங்குக்கு ஒட்டுகிற 5 கிராம், 10 கிராம் வெயிட் கிடைக்கும், லேசான பக்கம் ஒட்டுங்கள். அதன் பிறகும் மிச்சம் இருக்கும் சின்ன வித்தியாசத்துக்குத்தான் ஸ்பேசர். உங்கள் வண்டியில் வலது முன் அல்லது இடது பின் மூலையில் கூட்ட வேண்டும். கூட்டிய அளவை எதிர்ப்பக்கத்தில் குறைத்தால் வண்டியின் உயரம் மாறாது.

உங்கள் முதல் கேள்விக்கு இப்போது வரலாம். அந்தச் சொரசொரப்பான தரைக்கு உயரம் 6 மில்லிமீட்டர் வையுங்கள். 6 எம்எம் பிளைவுட் துண்டு சேஸுக்கு அடியில் உரசிக்கொண்டு போனால் சரி. ஸ்பிரிங் இருப்பதில் மென்மையான செட். தூசித் தரையில் 500 ஆயில் வேண்டாம், 300-க்கே திரும்புங்கள், வண்டி சாய்ந்தால்தான் டயர் கடிக்கும். இரண்டையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஒன்றை மாற்றுங்கள், 5 நிமிடம் ஓட்டுங்கள், எத்தனை சுற்று, எத்தனை முறை சுழன்றது என்று நோட்டில் எழுதுங்கள், தரை சூடா ஈரமா என்பதையும் சேர்த்து. காலை ஏழு மணிக்கு இருக்கும் தரை பத்து மணிக்கு இருக்காது. உங்கள் சுற்று 15 விநாடி என்று வைத்துக்கொள்வோம், 5 நிமிடத்தில் 20 சுற்று. சுற்றுக்கு 0.2 விநாடி குறைக்கும் ஸ்பிரிங் கிடைத்தாலும் மொத்த லாபம் 4 விநாடி. ஒரு முறை சுழன்று திரும்பி நேராவதற்குள் அது போய்விடும்.

பினியன். உங்கள் வண்டியின் உள் விகிதம், அதாவது ஸ்பருக்கு அப்புறம் உள்ளே இருக்கும் கியர்களின் விகிதம், 2.6. பினியன் சுழற்றும் பெரிய பல்சக்கரம்தான் ஸ்பர். கிட்டோடு வரும் 70 பல் ஸ்பருக்கு 22 போட்டால் சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு மோட்டார் 8.27 சுற்று, 25 போட்டால் 7.28. நேர்க்கோட்டில் வேகம் கூடும், மோட்டாரும் சூடாகும். உங்கள் மண்டபத்தில் நீண்ட நேர்க்கோடு இருக்கிறதாகத் தெரியவில்லை. 23 போட்டு ஒரு பந்தயம் ஓட்டியதும் மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். மூன்று எண்ணும்வரை விரல் வைக்க முடியாவிட்டால் 22-க்கே வாருங்கள்.

வீட்டில் அந்த ஏழாயிரத்தைச் சொல்லிவிடுங்கள். தேவைப்படாத ஸ்பிரிங், அலுமினியக் கை எல்லாவற்றையும் உங்கள் ஆறு பேரில் யாருக்காவது பாதி விலைக்குக் கொடுக்கலாம், ஆனால் கல்மேல் வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். வலது முன் டயர் முந்தியதா இல்லையா என்று மட்டும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். முந்தவில்லை என்றால் நான் சொன்ன கணக்கு தப்பு, முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்