நிலக்கரி உண்டு, ஆள்தான் இல்லை

கேள்வி: எங்கள் ஊர்ப் பள்ளியில் வருடா வருடம் பிள்ளைகள் குறைகிறார்கள். அமெரிக்கா மாதிரி பணக்கார நாட்டிலும் கிராமங்கள் காலியாகுமா?
– வாசகி, தேனி மாவட்டம்

பதில்: ஏன் ஆகாது தாயி! மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் மெக்டவல் என்றொரு கவுண்டி, நிலக்கரிச் சுரங்கத்தை நம்பி வாழ்ந்த இடம். (நம்ம ஊர்க் கணக்கில் ஒரு குட்டி மாவட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.) 1950இல் அங்கே 98,887 பேர். 2020 கணக்கெடுப்பில் 19,111. ஐந்தில் நாலு பங்கு போயே போச்சு!

நிலக்கரி தீர்ந்துவிட்டதோ என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். இல்லை, இன்னமும் வெட்டுகிறார்கள். சுரங்கத்துக்குள் இயந்திரம் இறங்கியது, மனுஷன் வெளியே வந்தான். அவ்வளவுதான். 1980களில் அந்த நிலக்கரியை வாங்கிவந்த உருக்குத் தொழில் படுத்தபோது மிச்சம் இருந்த வேலைகளிலும் நிறையக் கழன்றன.

1960இல் ஓட்டுக் கேட்டு வந்த கென்னடி அந்த வறுமையை நேரில் பார்த்தார். ஜனாதிபதி ஆனதும் 1961இல் உணவுக் கூப்பன் திட்டத்தைச் சோதனையாகத் தொடங்கினார். அந்தத் திட்டத்தில் முதல் கூப்பன் வாங்கியது மெக்டவல் குடும்பம் ஒன்றுதான். நம்ம ரேஷன் கார்டுக்குத் தூரத்துச் சொந்தம்!

2016இல் அங்கிருந்த வால்மார்ட் பெருங்கடையும் ஷட்டரை இறக்கியது. சம்பளமும் போச்சு, பக்கத்தில் காய்கறி வாங்க இருந்த இடமும் போச்சு. இளசுகள் வண்டி ஏறிவிட்டால் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை எங்கிருந்து வரும்?