கார் கேள்வி பதில்: பனியோ புழுதியோ, அழுத்தாமல் எடுங்கள்

கே: டிசம்பரில் டொரான்டோவில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறோம். அவன் காரைத் திறந்த வெளியில்தான் நிறுத்துகிறான். காலையில் அவன் கிளம்புவதற்குள் பனியை நான் தள்ளிவிடலாம் என்று இருக்கிறேன். பெயின்ட்டில் கீறல் விழாமல் எப்படி எடுப்பது? துடைப்பம் போதுமா?
– வாசகர், நங்கநல்லூர்

ப: துடைப்பம் வேண்டாம் சார். பனி அள்ளும் மண்வெட்டியைக் காருக்குப் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள். புதிதாக விழுந்த பனி மெத்தென்றுதான் இருக்கும், அது கீறாது. கீறுவது அடியில் இருப்பது. அங்கே சாலையில் உப்பும் மணலும் தூவுவார்கள். அது காரில் தெறித்துக் காய்ந்திருக்கும். அதன் மேல் பனி விழுந்து, பகலில் கொஞ்சம் உருகி, ராத்திரி மறுபடி உறைந்தால் மணலோடு சேர்ந்து பெயின்ட்டில் ஒட்டிக்கொள்ளும். அதைப் பிரஷ்ஷால் அழுத்தித் தள்ளினால் மணல் கூடவே இழுபடும்.

நுரைத் தலை வைத்த, நீளக் கைப்பிடி உள்ள பனி பிரஷ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். முடி வைத்த பிரஷ்ஷைவிட இது பாதுகாப்பானது. முதல் வேலை, பின்னால் போய் சைலன்சர் குழாய் வாயில் பனி அடைத்திருந்தால் எடுப்பது. அடைத்த குழாயோடு இன்ஜினைப் போட்டால் கார்பன் மோனாக்சைடு காருக்குள் வந்துவிடும், உயிருக்கே ஆபத்து. வைப்பர் ஸ்விட்ச் ஆஃபில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இன்ஜினைப் போட்டு, முன் பின் கண்ணாடிகளில் பனியை இளக்கும் டீஃப்ராஸ்டரை ஓட விடுங்கள். கார் ஷெட்டுக்குள் இருந்தால் இன்ஜினைப் போடவே கூடாது.

அடுத்து கூரை. அதை முதலில் முடிக்காவிட்டால் துடைத்த கண்ணாடி மேலேயே மறுபடி கொட்டும். ஒரு பக்கம் நின்று பாதிக் கூரைப் பனியை உங்கள் பக்கமாக இழுத்துத் தள்ளுங்கள், மறுபாதியை அந்தப் பக்கம் போய். பெயின்ட் தெரியும்வரை சுரண்ட வேண்டாம். அடியில் ஒரு விரல் கனம் விட்டுவிட்டால் பிரஷ் பெயின்ட்டைத் தொடாது. பானெட்டில் மிஞ்சுவது இன்ஜின் சூட்டில் இளகும். இளகியபின் அழுத்தாமல் வழித்துவிடலாம். கூரையில் கட்டியாக எதையும் விட்டுவிடாதீர்கள். பிரேக் போட்டதும் மொத்தமாகச் சரிந்து முன் கண்ணாடியை மூடும், இல்லையென்றால் பறந்து பின்னால் வருபவர் மேல் விழும். கடைசியாக விளக்குகள், நம்பர் பிளேட்.

ஐஸ் சுரண்டும் பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர் கண்ணாடிக்கு மட்டும். பெயின்ட்டில் ஒட்டிய ஐஸை அது தானாக விடும்வரை விட்டுவைப்பதுதான் வழி. சீக்கிரம் முடியட்டும் என்று வெந்நீர் ஊற்றிவிடாதீர்கள்: கண்ணாடி விரிசல் விடும், வழிந்த தண்ணீர் கதவு ரப்பரில் உறைந்து கதவு திறக்காது.

கே: கறுப்பு கார், வாங்கி ஒரு வருஷம்தான் ஆகிறது. ஆற்காடு சாலையில் மெட்ரோ வேலைப் புழுதி. தினமும் காலையில் ஒருவர் வந்து துடைக்கிறார். ஆனாலும் வெயிலில் பார்த்தால் பானெட் முழுக்க வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள். எதனால்?
– வாசகி, வளசரவாக்கம்

ப: தினமும் துடைப்பதால்தான். புழுதியில் இருக்கும் மணல் துகள் பெரும்பாலும் குவார்ட்ஸ் என்ற கனிமம். கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் அது 7, ஜன்னல் கண்ணாடியையே கீறும். உங்கள் பெயின்ட்டின் மேலே இருக்கும் நிறமில்லாப் பாதுகாப்புப் பூச்சான கிளியர் கோட் பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரான் கனம்தான், தலைமுடியைவிட மெல்லியது. அரை பக்கெட் தண்ணீரில் ஒரே துணியை நனைத்துப் புழுதியோடு தேய்ப்பது உப்புத்தாள் போடுவதுதான். துடைப்பவரைக் குறை சொல்லிப் பயனில்லை. விடிவதற்குள் தெருவில் இருக்கும் அத்தனை காரையும் முடிக்க வேண்டியவருக்கு அந்த ஒரு பக்கெட்தான் கட்டுப்படியாகும். கண்ணாடிகளை மட்டும் தனித் துணியால் துடைத்தால் போதும் என்று சொல்லிவிடுங்கள். புழுதி அப்படியே கிடப்பதால் கீறல் விழாது.

வாரம் ஒருமுறை ஒழுங்காகக் கழுவுங்கள், நிழலில், பானெட் சூடு ஆறியபின். முதலில் தொடாமல் தண்ணீர் மட்டும், மேலிருந்து கீழே. பிரஷர் வாஷர் இல்லாவிட்டால் செடிக்கு மருந்தடிக்கும் 5 லிட்டர் கைப்பம்ப் போதும். கார் ஷாம்பு கலந்த தண்ணீரை அதில் ஊற்றி எல்லா இடமும் அடித்து, மூன்று நான்கு நிமிஷம் ஊறவிட்டு, காய்வதற்குள் அலசுங்கள். புழுதியில் பெரும்பகுதி இதிலேயே போய்விடும்.

பிறகுதான் கை வைப்பது. 10 லிட்டர் பக்கெட் இரண்டு: ஒன்றில் ஷாம்பு தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பில் நனைத்து ஒரு பேனலை (கதவு, பானெட் போன்ற ஒரு பகுதியை) துடைத்ததும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்பில் விட வேண்டும். வட்டமாகத் தேய்க்காமல் நேராக இழுங்கள். கதவின் கீழ்ப்பகுதியும் பம்பரும் கடைசியில். சக்கரத்துக்கு வேறு துணி. கையுறை தரையில் விழுந்தால் அன்றைக்கு அதைத் தொடாதீர்கள். பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம், மெழுகுப் பூச்சை எடுத்துவிடும்.

உங்கள் பகுதிக்கு இன்னொன்று. கட்டுமானப் புழுதியில் சிமென்ட் இருக்கும். மார்கழிப் பனியில் நனைந்து அது காரிலேயே இறுகிவிடும். கையில் சொரசொரப்பாகத் தட்டுப்பட்டால் நகத்தால் சுரண்ட வேண்டாம். வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து, நனைத்த துணியை ஐந்து நிமிஷம் போட்டுவைத்து, நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். புழுதி படிந்த காரின் மேல் கவர் போடுவதும் தப்பு. காற்றில் கவர் ஆட ஆட அதுவே தேய்க்கும்.

கே: போர் தண்ணீரில் கழுவினால் வெள்ளைப் புள்ளிகள் வருகின்றன. ஆர்ஓ மெஷினில் வெளியேறும் தண்ணீரைப் பயன்படுத்தலாமா?
– வாசகர், மேடவாக்கம்

ப: கூடவே கூடாது. வடிகட்டியில் தங்கிய உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது, போரைவிட மோசம். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. போர் தண்ணீரில் கழுவிவிட்டுக் கடைசி அலசலுக்கு மட்டும் அதை ஊற்றி, உடனே தடித்த மைக்ரோஃபைபர் டவலை விரித்துப் போட்டு ஒற்றி எடுங்கள். பழைய புள்ளிகளுக்கு மேலே சொன்ன வினிகர் வைத்தியமே.

கே: வேப்பமரத்தடியில் நிறுத்துகிறேன். காக்கா எச்சம், பிசின் இரண்டும் விழுகின்றன.
– வாசகி, மயிலாப்பூர்

ப: எச்சத்தை அன்றைக்கே எடுங்கள். வெயிலில் ஒரு நாள் கிடந்தாலே கிளியர் கோட்டை அரித்துத் தழும்பு விழும். டிஷ்யூவை நனைத்து மேலே போட்டு, பத்து நிமிஷம் ஊறியபின் தேய்க்காமல் கிள்ளி எடுங்கள். வேப்பம்பிசின் தண்ணீரில் இளகும், அதற்கும் இப்படியே நனைத்த டிஷ்யூவைப் போட்டு ஊறவிட்டு எடுங்கள். 

கே: ஏற்கெனவே விழுந்த கீறலுக்கு டூத்பேஸ்ட் தேய்க்கலாமா?
– வாசகர், ஆவடி

ப: வேண்டாம், அந்த இடம் மங்கிப்போகும். நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். தட்டாவிட்டால் மெஷின் பாலிஷில் போய்விடும். ஆனால் ஒவ்வொரு பாலிஷுக்கும் கிளியர் கோட்டில் சில மைக்ரான் கரையும், எனவே சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் போடச் சொல்லாதீர்கள். நகம் தட்டினால் பாலிஷ் உதவாது. டச்-அப் பெயின்ட்தான், அதையும் காரில், பெரும்பாலும் கதவு ஓரத்து ஸ்டிக்கரில், இருக்கும் கலர் குறியீட்டைப் பார்த்து வாங்குங்கள்.